ராணுவ ஏல வண்டியில் சார்ஜ் ஏறவில்லையா? ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதும் மாற்றுவதும்

ராணுவம் கழித்துவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்தவர்களுக்குச் சீக்கிரமே வந்து நிற்கும் தொல்லை, சார்ஜ் ஏறாமல் போவது. சாதாரண காராக இருந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டு மாலையில் போய் எடுத்துக்கொள்ளலாம். இங்கே அது நடக்காது. 24 வோல்ட் என்றதுமே பாதிப் பேர் தொட மாட்டார்கள். தொடுகிற மீதிப் பேரில் சிலர், 12 வோல்ட் வண்டி பார்த்த பழக்கத்தில் ஏதாவது செய்து, நன்றாக இருந்ததையும் கெடுத்து வைப்பார்கள். இந்த அலைச்சல் எல்லாம் அலைந்து முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், உங்களுக்காவது கொஞ்சம் மிச்சமாகட்டும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி, போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக வாங்குவது இந்த வரிசையில் கடைசிப் பக்கம் வரவேண்டிய வேலை. பெரும்பாலும் குற்றவாளி பேட்டரி, இல்லையென்றால் பெல்ட், அதுவும் இல்லையென்றால் துருப்பிடித்த எர்த் ஒயர். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள், நடுவில் தாவ வேண்டாம்.

1. கையேடும் எண்களும்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் வண்டியின் தகவல் தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாஷ்போர்டிலோ கதவு ஓரத்திலோ இருக்கும். மாடல், வரிசை எண், ஒப்பந்த எண் எல்லாம் அதில் வரும். அப்புறம் ஆல்டர்னேட்டரின் மேலேயே ஒரு சின்னத் தகடு இருக்கும், எண்ணெய்க் கசடு மூடியிருந்தால் துணியால் துடைத்துவிட்டு அதையும் எடுங்கள். வோல்ட், ஆம்பியர், பாகத்தின் எண், தயாரிப்பாளர் பெயர் ஆகியவை அதில்தான் இருக்கின்றன. வண்டியில் முதலில் வந்த ஆல்டர்னேட்டர்தான் இப்போதும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பட்டாளத்திலேயே பட்டறையில் மாற்றியிருப்பார்கள், உங்களுக்கு முன் வைத்திருந்தவரும் மாற்றியிருக்கலாம்.

அமெரிக்க வண்டி என்றால் டெக்னிக்கல் மானுவல், சுருக்கமாக டிஎம். இதன் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் தேடுவது சுலபம். ஹம்வீ என்ற ராணுவ ஜீப் வகைக்கு டிஎம் 9-2320-280, சியூசிவி என்ற செவ்ரோலே பிக்கப், பிளேசர் வகைக்கு டிஎம் 9-2320-289 என்று ஆரம்பிக்கும். கடைசியில் வரும் எண்தான் முக்கியம். 10 என்று முடிந்தால் ஓட்டுநருக்கானது, அதில் எண்ணெய் பார்ப்பது, விளக்கு பார்ப்பதற்கு மேல் எதுவும் இராது. 20 என்றால் யூனிட் அளவிலான பழுது, உங்களுக்கு வேண்டியது அதுதான். 34 என்பது உள்ளே பிரித்துச் செய்யும் பட்டறை வேலைக்கு. பி என்ற எழுத்து ஒட்டியிருந்தால் பாகங்களின் பட்டியல். பிரிட்டிஷ் வண்டிக்கு ஏஇஎஸ்பி என்ற ராணுவக் கையேட்டுத் தொகுப்பைத் தேடுங்கள். அமெரிக்கக் கையேடுகளில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அச்சுப் பிரதிக்குக் காசு கொடுக்கும் முன் தேடிப் பாருங்கள். ஆனால் சார்ஜிங் ஒயரிங் படம் இருக்கும் பக்கத்தை மட்டும் பெரிதாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கிரீஸ் கையால் போன் திரையைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது.

2. பேட்டரியைத் தனித்தனியாகப் பாருங்கள்

24 வோல்ட் வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும், சிலவற்றில் நான்கு. இரண்டையும் சேர்த்து அளந்துவிட்டு "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்வதுதான் எல்லாரும் விழும் முதல் குழி. ஒன்று 13, இன்னொன்று 11.5 என்று இருந்தாலும் கூட்டினால் 24.5 வரும். மீட்டரில் பார்க்க அது ஓரளவு உயிருள்ள வண்டிதான்.

வண்டியை ஓட்டாமல் சில மணி நேரம் விட்டு, ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக அளந்து பாருங்கள். முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 12.6 அல்லது 12.7 காட்டவேண்டும், ஏஜிஎம் என்ற மூடிய வகை என்றால் இன்னும் கொஞ்சம் மேலே. இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் ஆல்டர்னேட்டர் பக்கம் போகவே வேண்டாம், பேட்டரிக் கதையை முதலில் முடியுங்கள்.

இந்த வித்தியாசம் வருவதற்கு பெரும்பாலும் ஒரே காரணம், யாரோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் ஒயர் இழுத்து ரேடியோவுக்கோ போன் சார்ஜருக்கோ கொடுத்திருப்பார்கள். அந்தப் பேட்டரி எப்போதும் பாதி வயிறு, மற்றது எப்போதும் அளவுக்கு மீறிய சாப்பாடு. ஆல்டர்னேட்டருக்கு மொத்த வோல்டேஜ் மட்டுமே தெரியும், எந்தப் பேட்டரி பசியில் இருக்கிறது என்று தெரியாது. அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு, 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு பேட்டரியின் விலையை விடக் குறைவு.

பிறகு இரண்டையும் பிரித்து, 12 வோல்ட் சார்ஜரில் தனித்தனியாக முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். ஒரு இரவாவது ஆகும். ஏற்றிய பின் பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், நிறையக் கடைகளில் இதற்குக் காசே வாங்குவதில்லை. ராணுவ வண்டிகளில் வரும் 6டி அளவுப் பேட்டரி ஒவ்வொன்றும் 35 முதல் 40 கிலோ இருக்கும், தனியாகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பேட்டரி மாற்றுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் மாற்றுங்கள். பழையதோடு புதியதைச் சேர்த்தால் பழையது புதியதையும் தன் நிலைமைக்கு இழுத்துவந்துவிடும்.

3. பெல்ட், புல்லி, எர்த்

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பெரிய ஆம்பியர் ஆல்டர்னேட்டர்களுக்கு இரண்டு பெல்ட் ஜோடியாக ஓடும். ஒன்று தளர்ந்து மற்றது இறுக்கமாக இருந்தால், எல்லாப் பாரத்தையும் ஒன்றே இழுக்கிறது என்று அர்த்தம். ஜோடியாகத்தான் மாற்றவேண்டும். நீளமான இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் ஒன்றேகால் சென்டிமீட்டர் போல இறங்கவேண்டும், சரியான அளவு உங்கள் கையேட்டில் இருக்கும். புல்லியின் பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அடிப்பாகம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் பெல்ட் அங்கே வழுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

பெல்ட்டைக் கழற்றியிருக்கும்போதே புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல் சுற்றினால் பேரிங் நன்றாக இருக்கிறது. கரகரத்தால் பேரிங் முடிந்தது. மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது எர்த். ராணுவ வண்டிகளில் தடித்தடியாகப் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்திருப்பார்கள். எஞ்சினிலிருந்து சேஸிக்குப் போகும் எர்த் பட்டை, பெயிண்டின் மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். கழற்றி, உலோகம் தெரியும்வரை சுரண்டி, திரும்ப மாட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கால் மணி நேர வேலை, செலவு உப்புத்தாள் மட்டும்தான். என் அனுபவத்தில் "ஆல்டர்னேட்டர் போச்சு" என்று சொல்லப்பட்ட வண்டிகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே பிழைத்துக்கொள்கின்றன.

4. எஞ்சினை ஓடவிட்டு அளப்பது

மல்டிமீட்டர் ஒன்று போதும், முடிந்தால் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றும். ஏசி மட்டும் அளக்கும் மலிவான கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சுழலும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் துண்டும் வேண்டாம்.

முதலில் பேட்டரி முனைகளில், எஞ்சின் ஐடிலை விடக் கொஞ்சம் மேலே, சுமார் 1500 சுற்றில். 27.5 முதல் 28.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. 25-க்குக் கீழேயே நின்று மெதுவாக இறங்கிக்கொண்டு இருந்தால் சார்ஜ் இல்லை. 30-ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள். வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது, பேட்டரி கொதிக்கும், பல்புகள் வரிசையாகப் போகும். டாஷ்போர்டில் வோல்ட் எண் இல்லாமல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் மட்டும் காட்டும் மீட்டர் இருந்தால் அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். முள் பச்சையில் நிற்பது நல்ல செய்திதான், ஆனால் அந்தப் பச்சை ரொம்ப அகலம்.

இப்போது ஹெட்லைட், ஹீட்டர் விசிறி, இருக்கிற எல்லாவற்றையும் போடுங்கள். வோல்டேஜ் 27-க்குப் பக்கத்திலேயே நின்றால் நல்லது. சரசரவென இறங்கினால் இரண்டு சோதனைகள்:

ஒன்று, ஒயரில் இழப்பு. மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பிளஸ் போல்ட்டிலும் மறுமுனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். லோடு ஓடும்போதே அளக்கவேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கேயோ ஒயரோ இணைப்போ கெட்டிருக்கிறது. அதேபோல ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்தால் கால் வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

இரண்டு, டையோடு, அதாவது ஆல்டர்னேட்டருக்குள் உண்டாகும் ஏசியை டிசியாக்கும் பாகம். மீட்டரை ஏசிக்குத் திருப்பி பேட்டரி முனைகளில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி காட்டினால் சந்தேகப்படலாம், ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அநேகமாக டையோடு போயிருக்கிறது. இங்கே ஒரு பொறி உண்டு. சில மலிவு மீட்டர்கள் ஏசியில் வைத்து டிசியை அளந்தால் 50, 60 என்று கன்னாபின்னாவென்று காட்டும். பயந்துவிடாதீர்கள், எஞ்சினை நிறுத்தி அதே மாதிரி அளந்து பாருங்கள். அப்போதும் அதே எண் வந்தால் குறை மீட்டரில், வேறு மீட்டர் கடன் வாங்குங்கள்.

ராத்திரி நிறுத்தி வைத்தால் காலையில் பேட்டரி இறங்கிவிடுகிறது, ஆனால் ஓடும்போது எல்லாம் சரி என்றால் அதுவும் டையோடு கசிவாக இருக்கலாம். பேட்டரி மைனஸை முதலில் எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் பிளஸ் ஒயரைக் கழற்றி, நுனியை டேப் சுற்றிக் காப்பாற்றிவிட்டு, மைனஸைத் திரும்ப மாட்டி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். பேட்டரி நின்றால் திருடன் கிடைத்துவிட்டான்.

எச்சரிக்கை விளக்கையும் மறக்காதீர்கள். சில ஆல்டர்னேட்டர்களுக்கு ஆரம்ப மின்சாரமே அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் போனால் ஆல்டர்னேட்டர் எழுந்திருக்காது. சாவியைப் போட்டதும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, "நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லா இருக்கு" என்று காட்டும் பழைய மெக்கானிக் வித்தையை யார் செய்ய வந்தாலும் கையைப் பிடித்துத் தடுங்கள். டைனமோ காலத்தில் அது செல்லுபடியாகியிருக்கலாம். ஆல்டர்னேட்டரில் அந்த நொடியே வோல்டேஜ் எகிறி டையோடையும் ரெகுலேட்டரையும் சாப்பிட்டுவிடும். பேட்டரி மாஸ்டர் ஸ்விட்ச் இருக்கும் வண்டியில் எஞ்சின் முழுதாக நின்ற பிறகே அதைத் திருப்பவேண்டும் என்பதும் இதனால்தான்.

5. உங்கள் வண்டி எந்த ரகம்

ராணுவ வண்டி எல்லாம் ஒன்றுபோல இல்லை. இதைக் கவனிக்காமல் பாகம் வாங்குவதில்தான் பெரிய பணம் போகிறது.

சியூசிவி, அதாவது எம்1008 பிக்கப், எம்1009 பிளேசர் வகை, இரண்டு ஆல்டர்னேட்டர் உள்ளவை. இரண்டும் 12 வோல்ட்தான், ஆளுக்கு ஒரு பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும், டாஷ்போர்டில் ஜென் 1, ஜென் 2 என்று தனித்தனி விளக்கு இருக்கும். ஸ்டார்ட்டர் 24, மற்ற பெரும்பாலானவை 12. இதில் இரண்டாவது ஆல்டர்னேட்டரின் மைனஸ், சேஸியில் சேராமல், இரண்டு பேட்டரிகளும் சேரும் 12 வோல்ட் இணைப்பில் சேர்கிறது. அதனால் உடம்பிலிருந்து மைனஸ் பிரிந்து நிற்கும் தனிவகை ஆல்டர்னேட்டர் அங்கே கட்டாயம். கடையில் கிடைக்கும் சாதாரண கார் ஆல்டர்னேட்டர் அதே அச்சில் அப்படியே உட்காரும், போல்ட்டும் பொருந்தும். மாட்டிப் பேட்டரியை இணைத்த நொடியில் பிராக்கெட் வழியாக நேரடி ஷார்ட், ஒயர் எரியும். "இதுவும் அதேதான் சார்" என்று கவுண்டரில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், மைனஸ் முனை தனியாக இருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

ஹம்வீயில் 60, 100, 200 ஆம்பியர் என்று பல அளவுகள் வந்திருக்கின்றன. பிராக்கெட், புல்லி, ஒயர் எல்லாம் அளவுக்கு அளவு மாறும், 60-ஐக் கழற்றிவிட்டு 200-ஐ மாட்டுவது அரை நாள் வேலை இல்லை. அதில் இன்னொரு விஷயம், ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் ஏசி சமிக்ஞையைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கொண்டுபோகிறது. எஞ்சின் ஓடுகிறது என்று அந்தப் பெட்டி தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். அந்த ஒயரை மாட்டாமல் விட்டால், ஓடும் எஞ்சினில் ஸ்டார்ட்டர் மறுபடி இறங்காமல் தடுக்கும் காவல் போய்விடும். வெளிச்சந்தை ஆல்டர்னேட்டர் போடுகிறவர்கள் விட்டுவிடும் ஒயர் இதுதான்.

எம்35ஏ2 லாரி மாதிரிப் பழையவற்றில் மூடிய உடம்போடு 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இருக்கும். இன்னும் பழையவற்றில் ஜெனரேட்டரும் தனி ரெகுலேட்டர் பெட்டியும். அந்தப் பெட்டி ஜெனரேட்டரோடு ஜோடி சேர்ந்தது, ஜெனரேட்டர் இடத்தில் ஆல்டர்னேட்டரை மட்டும் மாட்டிவிட்டுப் பழைய பெட்டியை அப்படியே ஒயரில் விட்டு வைக்கக்கூடாது.

வண்டியை மொத்தமாக 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமே என்று சொல்ல ஆள் வருவார்கள். ஸ்டார்ட்டர், விளக்குகள், மீட்டர்கள், வைப்பர் மோட்டார் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். என்னைக் கேட்டால் வேண்டாம்.

6. ரிப்பேரா, மாற்றா

கழற்றி எடுத்த ஆல்டர்னேட்டரில் போயிருப்பது கார்பனோ (ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் உரசு கட்டை) ரெகுலேட்டரோ பேரிங்கோ என்றால் ரிப்பேர் செய்வதுதான் புத்திசாலித்தனம். இவை தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள், முழு ஆல்டர்னேட்டரின் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். டையோடு தட்டு கொஞ்சம் கூட. ஸ்டேட்டர் (சுற்றாமல் நிற்கும்) சுருள் கருகியிருந்தாலோ ரோட்டர் (உள்ளே சுற்றும் பகுதி) அறுந்திருந்தாலோ கணக்குப் போட்டுப் பாருங்கள், சுருள் கட்டும் கூலி, மறுசீரமைத்த ஒன்றின் விலையைத் தொட்டுவிடும்.

ரோட்டரைச் சோதிப்பது சுலபம். ரோட்டர் தண்டில் கார்பன் உரசும் இரண்டு ஸ்லிப் ரிங்குக்கும் நடுவே சில ஓம்கள் காட்டவேண்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது. ரிங்கிலிருந்து தண்டுக்கு அளந்தால் எதுவும் காட்டக்கூடாது, காட்டினால் ஷார்ட். கார்பன் கட்டை தேய்ந்து அரை சென்டிமீட்டர்தான் மிச்சம் என்றால் மாற்றிவிடுங்கள்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "உங்கள் டெஸ்ட் பெஞ்சில் 24 வோல்ட் லோடு கொடுத்துப் பார்க்க முடியுமா?" லாரி, பஸ், மண்வாரி எந்திரம் பார்க்கிற பட்டறையில் முடியும். கார் மட்டும் பார்க்கிற இடத்தில் அநேகமாக முடியாது, சும்மா சுற்றவிட்டு வோல்ட் வருகிறது என்று காட்டி அனுப்பிவிடுவார்கள். லோடில்லாமல் 28 வோல்ட் காட்டுவது பெரிய விஷயமில்லை, ஒரு டையோடு போனதுகூட அதைச் செய்யும். 30, 40 ஆம்பியர் இழுக்கும்போது நிற்கிறதா என்பதுதான் கேள்வி. பழைய பாகங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், பில்லில் எந்த பாகம் மாற்றினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். பாகம் கையில் இருந்தால் ஓரிரு நாளில் முடியும், வரவழைக்கவேண்டும் என்றால் வாரக்கணக்கு.

7. வாங்கும்போது

ராணுவப் பாகங்களுக்கு 13 இலக்க நேட்டோ இருப்பு எண் உண்டு. முதல் நான்கு இலக்கம் வகை. 2920 என்று ஆரம்பித்தால் எஞ்சின் மின்சாரப் பாகம். அடுத்த இரண்டும் நாடு, 00, 01 இரண்டும் அமெரிக்கா, 99 பிரிட்டன், 12 ஜெர்மனி. இந்த எண்ணை வைத்துத் தேடினால் தயாரிப்பாளரின் சொந்த எண் கிடைக்கும். அதை வைத்து லாரிப் பாகக் கடையில் விசாரித்தால் அதே ஆல்டர்னேட்டரின் பொதுச்சந்தை வடிவம் பாதி விலையில் இருப்பது தெரியவரலாம். ஆனால் பொதுச்சந்தை வடிவத்தில் தண்ணீர் புகாத மூடி இராது, ரேடியோ இரைச்சலை அடக்கும் ஏற்பாடும் இராது. ஆற்றில் இறக்கப்போவதில்லை, ரேடியோ வைக்கவில்லை என்றால் அது போதும்.

கழித்த பொருள் விற்பவரிடம் வாங்கினால் தொங்கும் அட்டையைப் பாருங்கள். இது நிறையப் பேரை ஏமாற்றும் இடம். அமெரிக்க ராணுவ வழக்கத்தில் மஞ்சள் அட்டை என்றால் பயன்படுத்தத் தகுந்தது. பச்சை என்றால் பழுது, ஆனால் சரிசெய்யலாம். சிவப்பு என்றால் கழித்துக் கட்டியது. பச்சையைப் பார்த்ததும் நல்லது என்று எடுத்து வந்துவிடாதீர்கள், அது கெட்டுப்போனதால்தான் அங்கே வந்திருக்கிறது. அட்டையில் ஓர் எழுத்தும் இருக்கும், ஏ என்றால் நல்ல நிலை, எஃப் என்றால் பழுது பார்க்கவேண்டியது, ஹெச் என்றால் தேறாதது.

பெட்டி பிரிக்காத புதுசு என்று விற்பதிலும் கவனம் வேண்டும். இருபது, முப்பது வருடம் கிடங்கில் கிடந்த பேரிங்கில் கிரீஸ் மெழுகாகியிருக்கும், கார்பன் தன் கூட்டுக்குள் சிக்கியிருக்கும். பொட்டலத்தில் தேதி இருக்கும், பாருங்கள். பேரிங் மாற்றும் செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

விலையோடு இன்னும் மூன்று செலவைக் கூட்டிக்கொள்ளுங்கள். பழையதைத் திருப்பித் தந்தால் திரும்பக் கிடைக்கும் முன்பணம், இதற்குக் கெடு உண்டு, தாண்டினால் போனது போனதுதான். அனுப்பும் செலவு, இவை கனமான சாமான்கள், வெளிநாட்டிலிருந்து வந்தால் பாகத்தின் விலையையே எட்டிவிடும், சுங்கம் வேறு. மூன்றாவது, புதுப் பெல்ட் ஜோடி. பழைய பெல்ட்டைப் புது ஆல்டர்னேட்டருக்குப் போடாதீர்கள். திருப்பி அனுப்பும் விதி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், மின்சாரப் பாகத்தை ஒருமுறை மாட்டிவிட்டால் பலர் திரும்ப வாங்குவதில்லை.

8. கழற்றுவது

பேட்டரியின் எர்த் பக்க ஒயரை முதலில் எடுங்கள். இரண்டு பேட்டரி இருப்பதால் எது சேஸிக்குப் போகிறது என்று படத்தில் பார்த்துவிட்டு எடுக்கவேண்டும், நடுவில் இரண்டையும் இணைக்கும் கம்பியை எடுத்தால் மட்டும் போதாது. சியூசிவியில் 12 வோல்ட் இணைப்பு அப்படியே உயிரோடு இருக்கும்.

ஒயரைக் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டி எண் போடுங்கள். ராணுவ இணைப்பிகளை இழுத்துப் பிடுங்காதீர்கள், திருகிக் கழற்றும் வளையம் இருக்கும். அது பிடித்துக்கொண்டால் துரு இளக்கும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருங்கள். உடைந்தால் அந்த ஒரு இணைப்பி கிடைப்பதற்கு ஆல்டர்னேட்டர் கிடைப்பதை விட நாளாகும்.

அமெரிக்க வண்டி என்றால் போல்ட் பெரும்பாலும் அங்குல அளவு. கிட்டத்தட்டப் பொருந்தும் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் தலை உருண்டுவிடும். கீழ் போல்ட்டைக் கடைசியாக எடுங்கள், எடுக்கும் முன் அடியில் ஒரு கட்டை முட்டுக் கொடுங்கள். இன்னொருவர் பிடித்துக்கொண்டால் நல்லது. இடைவெளியைச் சரிசெய்யும் சிம் வாஷர்கள் எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள், புல்லி நேராக நிற்பது அவற்றால்தான்.

9. மாட்டுவது

புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போல்ட் துளை, புல்லியின் பள்ளங்கள், தண்டின் பருமன், விசிறி சாயும் திசை எல்லாம் ஒத்துப்போகிறதா? புல்லி தனியாக வந்தால் பழையதிலிருந்து மாற்றவேண்டும். தண்டிலுள்ள சின்னச் சாவித்துண்டைத் தொலைத்துவிடாதீர்கள், கழற்றும்போது துள்ளிப் போய் ஒளிந்துகொள்ளும். விசிறி இறக்கையைப் பிடித்து முறுக்க வேண்டாம், வளைந்துவிடும்.

பிராக்கெட்டில் உட்காரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு மாட்டுங்கள். போல்ட்டுகளைக் கையால் ஏற்றி, நேரான இரும்புப் பட்டை ஒன்றை எல்லாப் புல்லிகளின் முகத்திலும் வைத்து ஒரே கோட்டில் இருக்கின்றனவா பார்த்த பிறகே இறுக்குங்கள். பெல்ட்டை இழுத்து இறுக்கக் கடப்பாரையை ஆல்டர்னேட்டரின் பின்மூடியில் வைத்து நெம்பாதீர்கள், அலுமினியம் விரிந்துவிடும். முன்பக்க வலுவான பகுதியில் வைத்து நெம்புங்கள். இறுக்கும் முறுக்கு அளவு கையேட்டில் இருக்கிறது, உத்தேசமாக வேண்டாம்.

பிளஸ் முனைக்கு ரப்பர் மூடி கட்டாயம். எல்லா ஒயரும் படத்தோடு சரிபார்த்த பின், பேட்டரியின் பிளஸ், மைனஸ் மாறவில்லை என்று இன்னொரு தடவை பாருங்கள். தலைகீழாக ஒரு நொடி தொட்டால் போதும், புது டையோடுகள் எல்லாம் போய்விடும். எர்த் ஒயரைக் கடைசியில் மாட்டுங்கள்.

10. முதல் ஓட்டமும் பிறகும்

பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கும்போதே முதல் ஸ்டார்ட் செய்யுங்கள். செத்துப்போன பேட்டரியை நிரப்பும் வேலையைப் புது ஆல்டர்னேட்டரிடம் முதல் நாளே கொடுத்தால் சூடேறிப் போய்விடும், பேட்டரியை நிரப்பச் சார்ஜர் இருக்கிறது. இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம் எடுப்பதானால், நேட்டோ சொருகியில் வருவது 24 வோல்ட் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண காரை அதோடு இணைத்தால் காருக்கு ஆபத்து.

நான்காம் படியில் எடுத்த அளவுகளை எல்லாம் மறுபடி எடுங்கள். லோடு இல்லாமல், லோடோடு, ஏசி, ஒயர் இழப்பு, எல்லாமே. தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை சந்தேகம் வந்தால் ஒப்பிட எண் இருக்கும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து ஆல்டர்னேட்டர் பக்கம் முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை அடித்தால் நிறுத்தி இணைப்புகளைப் பாருங்கள்.

புதுப் பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே கொஞ்சம் நீளும். மறுபடி இறுக்கியே ஆகவேண்டும். வண்டியில் எங்கேயாவது வெல்டிங் வேலை வந்தால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிவிட்டே வெல்டரைக் கூப்பிடுங்கள்.

பில், உத்தரவாதச் சீட்டு, பாக எண், மாட்டிய தேதி, அப்போதைய கிலோமீட்டர், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். உத்தரவாதம் கேட்டுப் போனால் முதலில் கேட்பது, மாட்டிய பின் எடுத்த வோல்டேஜ் அளவையும் பேட்டரி சோதனைச் சீட்டையும்தான். பழைய ஆல்டர்னேட்டரை முன்பணத்துக்குத் திருப்பி அனுப்புவதானால், அனுப்பும் முன் அதன் தகட்டை இன்னொரு படம் எடுத்துவிடுங்கள். அந்த எண் வேறு எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டீர்கள்.